பஸ் ஓடாத எழுபது நாள்

குயிலி அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். புத்தகம் என்று சொல்ல முடியாது, இன்னும் புத்தகமாகவில்லை, இருபத்து நாலு பக்கம், நடுவில் மடித்துப் பின் அடித்த மாதிரிப் படி, படங்கள் எல்லாம் வண்ணத்தில், எழுத்தில் அங்கங்கே நான் சிவப்புப் பேனாவால் சுழித்த சுழிப்பு. சின்னப் பிள்ளைகளே பத்து நிமிஷத்தில் படித்துவிடுவார்கள் என்று இதைப் பதிப்பிக்கிற ஹெலன் டீச்சர் சொன்னார். இவளுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. ஐந்து நிமிஷம் போதும். உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி வழித்துவிட்டு, மணி பார்த்தால் பத்தே முக்கால். கால் மணி ஆகிவிட்டது. கிரைண்டர் சத்தத்தில் பக்கம் திருப்புவது கேட்காது, கிரைண்டர் இல்லாவிட்டாலும் கேட்காது, இருந்தும் கையை ஈரத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்கிறேன். அட்டையைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மேலே பெரிதாக 'டிக்கெட் எடுக்காத பயணி', கீழே 'கதை சொன்னவர்: கண்டக்டர் பழனியாண்டி', அதற்கும் கீழே சின்ன எழுத்தில் என் பேர், 'எழுதியவர்: வளர்மதி'. அப்பா பேரை அச்செழுத்தில் பார்த்தால் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "இப்பவே படிக்கணுமா?" என்றாள். "பன்னண்டு மணிக்குள்ள டீச்சருக்குச் சொல்லணும் பாப்பா, திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது, நீ வேணாம்னா வேணாம்" என்றேன். எது வேண்டாம் என்றால் எது வேண்டாம், படிப்பது வேண்டாமா, புத்தகமே வேண்டாமா, நானே சரியாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காத பிள்ளை. அப்படி ஆகிவிட்டாள் என்பதா, அப்படி நான் ஆக்கிவிட்டேன் என்பதா, அதில்தான் நான்கு வருஷமாக என் நினைப்பு போய்ப் போய் முட்டிக்கொண்டு திரும்புகிறது.

முன்னே அப்படி இல்லை. ஆறு வயதில் கேள்விக்கு வாயே மூடாது. அந்த மார்ச் மாதம், கொரோனாவுக்காக ஊரையே மூடிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, உறையூர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இதே இரண்டாம் மாடி வீட்டில், அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றார். திருச்சி புதுக்கோட்டை வண்டியில் பதினாறு வருஷம் கண்டக்டர். வெள்ளென நாலரைக்குப் போனால் ராத்திரி வருவார், இல்லை மறுநாள் வருவார், வந்ததும் தூங்குவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் விழித்திருந்த முகத்தைத் தொடர்ந்தாற்போல் ஒரு வாரம் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரை வீட்டுக்குள் பிடித்து உட்கார வைத்தால் என்ன செய்வார், உட்காரவே தெரியவில்லை. நின்றபடியே சாப்பிட்டார். "உக்காந்து சாப்பிடுங்களேன்" என்றால் "உக்காந்தா முட்டி வலிக்குது மதி" என்பார், நின்றால்தான் வலிக்கும் மற்றவர்களுக்கு. காலை ஒரு சாய்வாக ஊன்றி, இடுப்பை அலமாரியில் சாய்த்துக்கொண்டு, ஓடாத வண்டிக்குள் நிற்கிற மாதிரியே நிற்பார். மத்தியானம் கண் அசந்தால் தூக்கத்தில் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அதட்டுவார், குயிலி ஓடிப்போய் அவர் பக்கத்தில் நெருக்கிப் படுத்துக்கொண்டு "உள்ள வந்துட்டேன்ப்பா" என்பாள். இருபத்தோரு நாள் என்றார்கள் முதலில். அது முடிந்ததும் இன்னும் கொஞ்ச நாள் என்றார்கள். நீட்டித்திருக்கிறார்கள் என்று டிவியில் வந்தபோது பக்கத்து வீடுகளில் எல்லாம் தலையில் கை வைத்தார்கள். நான் சமையலறைக்குள் வந்து, இதே இடத்தில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். சத்தம் வராமல் சிரித்தேன். இதை நான் யாரிடம் சொல்வது.

காய்கறி வண்டி தெருமுனைக்கு வரும், அவர் பையை எடுத்துக்கொண்டு போவார், திரும்பி வந்து வாசலிலேயே சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பார், கத்தரிக்காய்க்கும் சோப்புப் போட்டார் ஒருநாள். முடி வெட்டக் கடை இல்லை என்று நான் அவருக்கு வெட்டிவிட்டேன், ஒரு காதுக்கு மேலே ஏணிப்படி மாதிரி ஆகிவிட்டது, குயிலி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அவளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் மூன்று பிரியையும் வைத்துக்கொண்டு "இதுல எது முன்ன போகணும்?" என்று திணறியவர், நாலாம் நாள் என்னைவிட இறுக்கமாகப் பின்னினார். எழுத்து சொல்லிக் கொடுத்ததும் அவர்தான், மாத்தூர், கீரனூர், நார்த்தாமலை என்று அவர் வழியில் வரும் ஊர்ப் பெயர்களை எழுதச் சொல்லி. சாயங்காலம் மொட்டை மாடி. எல்லா வீட்டுக்காரர்களும் தள்ளித் தள்ளி நிற்போம். ஒரு பஸ், ஒரு லாரி சத்தம் இல்லாத திருச்சியை நான் அதற்கு முன்னே கேட்டதே இல்லை, மலைக்கோட்டை எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது போலத் தெளிந்து நின்றது, எங்கேயோ ஒரு வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தம்கூடக் கேட்டது. மூன்றாம் மாடி சகாயமேரி அக்கா மாடியின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார், "என்ன கண்டக்டரே, வண்டி எப்ப எடுப்பீங்க?" இவர் இந்தக் கோடியிலிருந்து, "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காருக்கா, வந்ததும் எடுத்துடலாம்!" ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில், ஒவ்வொரு நாளும் எல்லோரும் சிரித்தோம். இப்போது அந்த மாடிக்கு நான் துணி காயப்போடக்கூடப் போவதில்லை. வராந்தாக் கொடியிலேயே போட்டுக்கொள்கிறேன்.

உளுந்து பொங்கி வருகிறது. இன்னும் பத்து நிமிஷம். கதவு சாத்தியபடியே இருக்கிறது. கதை ஆரம்பித்தது ஒரு கேள்வியில்தான். "அப்பா, கொரோனா எப்படி இருக்கும்?" டிவியில் முள் முளைத்த பந்து மாதிரி காட்டினார்கள், அதைப் பார்த்து அவள் ராத்திரி பயந்து ஒண்ணுக்குப் போகக்கூட என்னை எழுப்பினாள். அவர் டிவியை அணைத்துவிட்டு அவளை மடியில் போட்டுக்கொண்டார். "அவன் பேரு கந்தசாமி. கண்ணுக்குத் தெரியாத கந்தசாமி. டிக்கெட் எடுக்காம பஸ்ல ஏறுற பய." "கெட்டவனா?" "கெட்டவன்லாம் இல்ல பாப்பா. அவனுக்குக் கால் கிடையாது. யாரு மேலயாவது தொத்திக்கிட்டுத்தான் ஒரு ஊருலேர்ந்து இன்னொரு ஊருக்குப் போவ முடியும். நீ பக்கத்துல உக்காந்தா உன் மேல தாவிடுவான். தும்முனா பறப்பான்." "அவன எறக்கி விட முடியாதா?" "சோப்புதான் செக்கிங் இன்ஸ்பெக்டரு. கையில ஒளிஞ்சிருந்தா சோப்பு வந்து பிடிச்சு எறக்கிடும். மூக்குல வாயில ஏறப் பாத்தான்னா மாஸ்க்கு, அது படிக்கட்டுக் கதவு." "அதுக்கா பஸ்ஸ நிறுத்திட்டாங்க?" "ஆமா. பஸ்ஸே ஓடலைன்னா எங்க ஏறுவான்? ஸ்டாப்புலயே நின்னு நின்னு பாத்துட்டு வாடிப் போயிடுவான்." இவள் உடனே, "பாவம், அவனுக்குப் பசிக்காதா?" அவர் என்னைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் வந்தது, அதற்கு மறுநாள் வந்தது, கந்தசாமி கீரனூரில் ஏறினான், மாத்தூர் செக்போஸ்டில் சோப்பு இன்ஸ்பெக்டரிடம் மாட்டினான், கல்யாணக் கோஷ்டி வேனில் தொத்தி விராலிமலை போனான், அங்கே மயிலைப் பார்த்துப் பயந்தான். தினமும் ஒரு ஊர். பயம் போய்விட்டது பிள்ளைக்கு. கையைக் கழுவிவிட்டு, "கந்தசாமி, எறங்கு" என்று குழாயடியில் அதட்டுவாள். ஜூன் ஒன்றாம் தேதி வண்டி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் காக்கிச் சட்டையைப் போட்டபோது பொத்தான் வயிற்றில் இழுத்தது, "உன் சமையல்தான்" என்றார் என்னைப் பார்த்து. கதை பாதியில் நின்றது. "லீவு வர்றப்ப சொல்றேன்" என்று போனார்.

பதினொன்று ஐந்து. ஐந்து நிமிஷக் கதையை அரைமணி நேரமாகப் படிக்கிறாள். ஒருவேளை படிக்கவில்லையோ, கட்டிலில் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளோ, ஒருவேளை, வேண்டாம், போய்த் தட்டக் கூடாது. தட்டினால் "என்னம்மா?" என்பாள் மரியாதையாக. அந்த மரியாதைதான் எனக்குப் பயம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் கத்துகின்றன, கதவை அறைகின்றன, இவள் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் விழும் சத்தம்கூட வராது. உளுந்தை வழித்துத் தூக்குச்சட்டியில் போட்டுவிட்டு அரிசியைப் போட்டேன். அரிசி விழுந்ததும் கல் கரகரவென்று வேறு குரலில் பேச ஆரம்பித்தது. அந்த எழுபது நாளை நினைத்தால் எனக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஊரெல்லாம் அப்போது என்ன பாடுபட்டது. வேலை போன கூலிக்காரர்கள் வெயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாநிலம் மாநிலமாக நடந்தார்கள், டிவியில் பார்த்தோம், அவர் எழுந்து போய்விட்டார், "ஒரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டு வரலாம்டி, டீசலப் போட்டு உட்டாங்கன்னா போதும்" என்றார். அதே நாள் சாயங்காலம் மாடியில் கேரம் போர்டு ஆடினோம். இரண்டும் ஒரே நாள்தான். ஒருவேளை அந்தச் சந்தோஷத்துக்குத்தான் அடுத்த வருஷம், என்று ஆரம்பிப்பேன், உடனே நிறுத்துவேன், அப்படியெல்லாம் கிடையாது, கந்தசாமிக்குக் கால் கிடையாது, அவ்வளவுதான், அவனுக்கு யார் சிரித்தார்கள் யார் அழுதார்கள் என்று தெரியாது. இதை அவரே சொல்லியிருக்கிறார். கெட்டவன் இல்லை என்று.

அடுத்த வருஷம் மே. பத்தாம் தேதியிலிருந்து மறுபடி எல்லாம் மூடப் போகிறார்கள் என்று சொன்னதும், அதற்கு முந்தைய இரண்டு நாள் சனமெல்லாம் ஊருக்குப் போக முண்டியடித்தது, அவர் இரண்டு நாளும் டூட்டி. "படியில தொங்குறாங்க மதி, எறங்குன்னு எப்படிச் சொல்றது, அவங்களும் வீட்டுக்குத்தான போறாங்க." புதன்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ். எனக்கும் இருக்கிறது என்று முடிவு வந்தது, மூச்சுத்திணறல் இல்லை, வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். குயிலிக்கு இல்லை. அவளை சகாயமேரி அக்கா மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். என் தலைக்கு மேலேதான் இருந்தாள் என் பிள்ளை. அவள் ஓடுவது, நாற்காலி இழுப்பது எல்லாம் இந்தக் கூரையில் கேட்கும். ஒரு மாடி தூரத்துக்குப் போனில் பேசினோம். "அப்பா எங்க?" "ஸ்பெஷல் டூட்டி பாப்பா. ஆஸ்பத்திரிக்காரங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டி." முதலில் அப்படித்தான் சொன்னேன், வந்துவிடுவார் என்று நினைத்து. "சாப்பிட்டாரா?" "சாப்பிட்டார்." "என்ன சாப்பிட்டார்?" "இட்லி, தக்காளிச் சட்னி." வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கும் சாயங்காலம் போன் வந்தது. "அப்பா சாப்பிட்டாரா?" நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "சாப்பிட்டார் பாப்பா. தயிர்சாதம்." மறுநாள் சப்பாத்தி. அதற்கு மறுநாள் லெமன் சாதம். இறந்துபோனவருக்கு ஒன்பது நாள் நான் வாயாலேயே சமைத்துப் போட்டேன். அவள் ஒருநாள்கூடக் கேட்காமல் இருக்கவில்லை. எனக்கு நோய் விட்டதும் அவளைக் கீழே அழைத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன், சாமியிடம், நட்சத்திரமாக, ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்பா இனிமே வர மாட்டார் பாப்பா" என்றேன். "சரி" என்றாள். எழுந்து போய், மேல்வீட்டிலிருந்து கொண்டுவந்த துணிப்பையை அதன் இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சரியை நான் எங்கே வைப்பேன், நான்கு வருஷமாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், புரியாமல் சொன்னாளா, என் மேல் கோபத்தில் சொன்னாளா, என்னை நம்பக் கூடாது என்று அன்றைக்கு முடிவுகட்டிச் சொன்னாளா.

ஹெலன் டீச்சரின் பதிப்பகத்தில் டைப் அடிக்கவும் பக்கம் வடிவமைக்கவும் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஓய்வுபெற்ற பிறகு சிறுவர் புத்தகம் மட்டும் போடுகிறவர். போன மாதம் டீ குடிக்கும்போது சொன்னார், "இப்ப மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைங்களுக்கு அந்தக் காலம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல வளர்மதி. ஆனா வீட்டுல ஏதோ நடந்துச்சுன்னு மட்டும் தெரியும். போட்டோவுல இருக்குற தாத்தா ஏன் இல்லன்னு கேட்டா, பெரியவங்க பேச்ச மாத்திடுறாங்க. அதுங்களுக்கு ஒரு கதை வேணும்." எனக்கு வாய் தவறிவிட்டது, எங்க வீட்டுல ஒரு கதை இருக்கு டீச்சர் என்று. எழுத எழுத குயிலி அப்பா குரல் வந்தது. மூன்று வாரம் அந்த எழுபது நாளுக்குள்ளேயே போய் இருந்துவிட்டு வந்தேன், பஸ் ஏறி வேலைக்குப் போகும்போதுகூட அந்த மாடியில்தான் நின்றேன். டீச்சர் சிலதை மாற்றினார். கந்தசாமி என்று மனிதர் பேர் வேண்டாம், அந்தப் பேர் உள்ள பிள்ளையைக் கேலி செய்வார்கள், கிருமிக்குட்டி என்று வைக்கலாம் என்றார். நியாயம்தான். கடைசிப் பக்கம் என்னிடம் இல்லை. குயிலி அப்பா கதையை முடிக்கவே இல்லையே. டீச்சர்தான் சொன்னார், "சின்னப் பிள்ளைங்க பயந்துடக் கூடாது. நம்பிக்கையா முடிப்போம்." நோய் வந்த கண்டக்டர் குணமாகித் திரும்பி வருகிறார், பஸ் கிளம்புகிறது, கண்டக்டரின் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டுகிறாள். எழுதிக் கொடுத்தேன். படம் வரைந்தவர் இவர் முகத்தை எங்கேயும் பார்த்ததில்லை, இருந்தும் படத்துக் கண்டக்டரின் காது அப்படியே இவர் காது. ராத்திரி அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொய்தான். எவ்வளவு நல்ல பொய்.

கதவு திறந்தது. நான் சட்டென்று குனிந்து அரிசியை வழிப்பதுபோல் பாவனை செய்தேன். குயிலி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் மாதிரிப் படி, நடுவிரல் ஒரு பக்கத்துக்குள் சொருகியிருந்தது.

"கிரைண்டர நிறுத்தும்மா. பேச்சே கேக்கல."

நிறுத்தினேன். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

"இது யாரு, கிருமிக்குட்டி?"

"கந்தசாமிதான். டீச்சர் பேர மாத்திட்டாங்க."

"கந்தசாமின்னா சிரிப்பா இருக்கும். கிருமிக்குட்டின்னா நாய்க்குட்டி மாதிரி இருக்கு." இன்னொரு கையால் முன்பக்கங்களைப் புரட்டினாள். "விராலிமலை மயில் இல்ல. ஏன் எடுத்துட்ட?"

"பக்கம் பத்தல பாப்பா. உனக்கு மயில் ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு."

நான் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துணி நனைந்துபோகிற வரைக்கும் துடைத்தேன். அவள் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கம்.

"இதுல அப்பா திரும்பி வர்றாரு."

"சின்னப் பிள்ளைங்க படிக்கிறது. பயந்துடக் கூடாதுன்னு..."

"எங்க கிளாஸ்ல பிரணவ் இருக்கான். அவங்கம்மா அப்பதான் செத்தாங்க. அவனுக்கு ஒரு தங்கச்சி, இப்ப மூணாவது படிக்குது. அது இதப் படிச்சா என்னம்மா நெனைக்கும்?" குரல் உயரவே இல்லை. "எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க, எங்கம்மா மட்டும் வரல, அப்ப நாந்தான் கை சரியாக் கழுவல போலன்னு நெனைக்கும்."

அவளைப் பார்த்தேன். இப்படி ஒரு யோசனை எங்கிருந்து வந்தது இவளுக்கு என்று பார்த்தேன், பார்த்ததும் தெரிந்துவிட்டது, யோசித்து வந்ததில்லை இது.

"நீ அப்படி நெனச்சியா குயிலி?"

அவள் கிரைண்டருக்கு அந்தப் பக்கம், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நடுவில் மாவு.

"கொஞ்ச நாள் நெனச்சேன். அந்த மேரி பெரியம்மா வீட்டுல இருந்தப்ப."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதே பாப்பா. நான் வந்து சொன்னதுக்கு அப்புறம்தான..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும்மா. நீ பெரியம்மாவுக்குப் போன் பண்ண. அவங்க பாத்ரூமுக்குள்ள போயிக் குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதாங்க. வெளியில வந்து எனக்குத் தலை சீவினாங்க. பின்னலப் போட்டாங்க, அவுத்தாங்க, மறுபடி போட்டாங்க, மறுபடி அவுத்தாங்க. அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா ஒன்பது நாளும் அப்பா சாப்பிட்டாரான்னு கேட்ட?"

"கேக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடும்ல." பன்னிரண்டு வயதுக் குயிலி ஏழு வயதுக் குயிலிக்காகப் பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னாள். "நீ தனியா இருந்த. அழுதா பக்கத்துல யாரும் இல்ல. நான் கேட்டா நீ இட்லி, சப்பாத்தின்னு ஏதாவது யோசிச்சு யோசிச்சுச் சொல்லுவ. அந்த நேரம் நீ அழமாட்ட. அதான் கேட்டேன்."

ஒன்பது நாள். தலைக்கு மேலே ஓடிய அந்தக் காலடிச் சத்தம். நாற்காலி இழுத்த சத்தம். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கீழே நிற்க, அவள் மேலே நின்றுகொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், ஏழு வயதுப் பிள்ளை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி, இரண்டு பேரும் தனித்தனியாக அழாமல் இருந்து, அப்புறம் அது பழக்கமாகி, நான்கு வருஷம். எனக்கு அவளைத் தொட வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் மாவு. அப்படியே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், எட்டியது அதுதான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. ஹெலன் டீச்சர். குயிலியே எழுந்து எடுத்துக்கொண்டு வந்து ஒலிபெருக்கியில் போட்டு என் முன்னே நீட்டினாள்.

"என்ன வளர்மதி, பிள்ளை என்ன சொல்லுது?"

"டீச்சர், கடைசிப் பக்கத்த மாத்தணும்."

"மாத்தி?"

நான் குயிலியைப் பார்த்தேன். அவள் போனுக்குக் குனிந்தாள். "டீச்சர், கண்டக்டர் வரலன்னே போடலாம். அந்தப் பாப்பா ஸ்டாப்புல நிக்கட்டும். கூட அவங்கம்மா நிக்கட்டும். பஸ் வரும்ல, வேற கண்டக்டர் இருப்பாரு. ரெண்டு பேரும் ஏறிப் போவட்டும்."

"ரொம்ப வருத்தமா இருக்காதாம்மா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கும் டீச்சர்" என்றாள் குயிலி. "ஆனா யாரு மேலயும் தப்பு இல்லன்னு ஒரு வரி போட்டுடுங்க. அம்மா எழுதுவாங்க."

"திங்கக்கிழமை காலையில கொண்டு வா வளர்மதி" என்றார் டீச்சர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

குயிலி போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள், இந்தத் தடவை என் பக்கமாக. "ம்மா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. புக்குக்கு இல்ல. எனக்கு."

நான் யாரிடமும் சொன்னதில்லை. சகாயமேரி அக்காவிடம்கூட. வார்த்தை இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், இருந்தது, அப்படியே இருந்தது. சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் ஓயாமரி சுடுகாட்டுக்கு அவள் சித்தப்பாவும் நானும் போனதை, எனக்கு நோய் இருந்ததால் உடம்பு முழுக்க மூடுகிற வெள்ளை அங்கியைப் போட்டு இருபது அடி தள்ளி நிற்க வைத்ததை. அவரைத் துணியால் முழுக்கச் சுற்றியிருந்தார்கள், முகம் தெரியவில்லை. தூக்கி வந்தவர்கள் நாலு பேரும் தன்னார்வலப் பையன்கள், கல்லூரி படிக்கிற வயது. அதில் ஒருவன், பேர் இப்ராகிம் என்று கூட இருந்தவன் கூப்பிட்டான், என்னிடம் வந்து தூரத்தில் நின்றுகொண்டு கேட்டான், "அக்கா, பக்கத்துல விட முடியாது. பேரச் சொல்லிக் கூப்பிடணும்னா இங்கேர்ந்து கூப்பிட்டுக்குங்க. நாங்க கொஞ்ச நேரம் நிக்கிறோம்."

"கூப்பிட்டியா?"

"பேரச் சொல்லி நான் அவரக் கூப்பிட்டதே இல்ல பாப்பா. அந்தப் பையன்கிட்ட அதத்தான் சொன்னேன். அவன் சொன்னான், எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்கக்கான்னு."

"எப்படிக் கூப்பிட்ட?"

"'என்னங்க'ன்னு."

"சத்தமாவா?"

"சத்தமா. அந்த அங்கிக்குள்ளேர்ந்து வெளியில கேக்கணுமே. மூணு தடவ கூப்பிட்டேன். நாலு பையன்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. அவசரமே படல."

குயிலியின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டு குலுங்கியது. அழுகிறாள். வாயைப் பொத்தாமல், மூக்கைத் துடைக்காமல், சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி சத்தமாக அழுகிறாள், மேல்வீட்டுக்குக் கேட்கும், கேட்கட்டும். நான் அழாதே என்று சொல்லவில்லை. நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து அவள் என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை என் மடியில் வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, "அப்புறம்?" என்றாள்.